சம்பந்தி வீட்டுக் காபி

போன மாசம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு சின்ன சிஸ்டருங்க வீட்டுக்கு வந்தாங்க. தூக்க மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கிறவங்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கப் போறோம், ஒருதடவை படிச்சுப் பாருங்கன்னாங்க. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்னதுக்கு மேல குறைக்காதீங்க, எல்லாம் இருந்துச்சு. கடைசியில 'காபி, டீ தவிர்க்கவும்'னு ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மதுரையில போயி இதைக் கொடுத்தா தாளை மடிச்சு டம்ளருக்கு அடியில வச்சுக்கிட்டுக் குடிப்பாங்கன்னு சொன்னேன். அப்ப எப்படித்தான் எழுதுறது சிஸ்டர்னு கேட்டாங்க. வாயால சொல்லப் பார்த்தேன், பேச்சு எங்கெங்கயோ போயிருச்சு. அதான் உக்காந்து எழுதுறேன்.

எனக்குச் சொந்த ஊரு கொட்டாம்பட்டிப் பக்கம். நர்சிங் படிச்ச காலத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணும் பெருசா இல்லை, எல்லாரும் பட்ட பாடுதான் நானும் பட்டேன். ஆபரேஷன் வார்டுல ரொம்ப வருசம் இருந்தேன். அங்க இருந்து மனநலப் பிரிவுக்கு மாத்துனப்ப அழுதேன், பொய் சொல்லலை. சொந்தக்காரங்க என்னைப் பாத்து, பைத்தியத்தோட பழகுனா உனக்கும் ஒட்டிக்கிரும்னு கேலி பண்ணுனாங்க. ஒட்டுனது என்னமோ பொறுமைதான். அதுவும் எங்கிட்டக் கொஞ்ச நேரம்தான் நிக்கும்.

அந்தப் பிரிவுக்குப் பெரிய டாக்டர் ஒருத்தரு இருந்தாரு. பேச்சு ரொம்ப மெதுவா இருக்கும், முன்னால சாஞ்சு கேட்டாத்தான் கேக்கும். நோயாளிக்கு எதுக்க உக்கார மாட்டாரு. நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டு, ரெண்டு பேரும் பஸ்ஸுல ஒரே சீட்டுல போற மாதிரி உக்காருவாரு. அவருக்குக் காபின்னா உசுரு. ஒரு ஸ்டீல் பிளாஸ்க் நிறைய வீட்டுல இருந்து வரும். தூக்க மாத்திரை ஆளுங்க வர்ற அன்னைக்கு மட்டும் அது மேசைக்கு அடியில போயிரும். ஒரு நாளு ஒரு பெரியவரு குனிஞ்சு பாத்துட்டு, நீங்க மட்டும் குடிக்கிறீங்களேன்னு கேட்டுட்டாரு. டாக்டர் அசரலை. நான் குடிப்பேங்க, நான் மாத்திரை குறைக்கலையேன்னாரு. அதுலேருந்து பிளாஸ்க் மேசைக்கு மேலயே இருந்துச்சு.

அவருகிட்ட ஒரு முறை உண்டு. காபி குடிப்பீங்களா, தண்ணி போடுவீங்களான்னு நேராக் கேக்க மாட்டாரு. நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க, யாரு யாரைப் பாத்தீங்கன்னுதான் கேப்பாரு. அவங்க சொல்லச் சொல்ல நடுவுல பேச மாட்டாரு. வெளியில இருக்கிற கூட்டத்தைப் பாத்து எனக்குத்தான் கை காலு பரபரன்னு வரும்.

மாத்திரையை வெட்டுறது என் வேலை. ஆரம்பத்துல சனங்க அரிவாமனையில வெட்டுவாங்க, பல்லால கடிப்பாங்க. ஒரு நாளைக்குப் பாதி, ஒரு நாளைக்கு முக்கால்னு போகும், அப்புறம் உடம்பு எப்படி ஒரு நிலையில நிக்கும். அதுனால மாத்திரை வெட்டுற சின்ன டப்பாவைக் கொடுத்து, என் கண்ணு முன்னால வெட்டச் சொல்லுவேன். மாத்திரையை மூலையில ஒட்டி வைக்கணும், மூடியை மெதுவா அழுத்தாம ஒரே அழுத்தா அழுத்தணும். மெதுவா அழுத்துனா உதிரும். கால் துண்டு வேணும்னா முதல்ல பாதி, அப்புறம் அந்தப் பாதியில பாதி. நாளைக்கு வேணுங்கிறதை மட்டும் வெட்டணும். கை நடுங்குறவங்க வீட்டுல வேற யாரு வெட்டுவாங்கன்னு கேட்டு, அவங்களையும் கூட்டியாரச் சொல்லி வெட்ட வச்சுப் பாப்பேன். டாக்டர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்திரையைக் குறைச்சா மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். காபியைக் குறைச்சா மாத்திரை அப்படியே இருக்கட்டும். ரெண்டையும் ஒண்ணாத் தொட்டா எது உடம்பைப் படுத்துதுன்னு அந்தக் கடவுளுக்கே தெரியாதும்பாரு.

அதை நாங்க கண்ணால பாத்துருக்கோம். திருமங்கலத்துக்காரரு ஒருத்தரு, ஆபீஸ் வேலையில இருந்தவரு, மலைக்கு மாலை போட்டாரு. மாலை போட்ட அன்னைக்கே பீடி, காபி, தூக்க மாத்திரை மூணையும் ஒரே கையெழுத்துல விட்டாரு. சாமி பாத்துக்குவாருன்னு தைரியம். சாமி பாக்குறதுக்குள்ள வலிப்பு வந்துருச்சு. மாலையோட ஸ்ட்ரெச்சர்ல கொண்டாந்து போட்டாங்க. பிழைச்சுக்கிட்டாரு, அடுத்த வருசம் நல்லபடியா மலைக்கும் போயிட்டு வந்தாரு. ஆனா அதுக்கப்புறம் விரதம்னு யாரு வாயைத் திறந்தாலும் டாக்டர் முகம் மாறிரும்.

இப்ப பஞ்சவர்ணத்துக்கு வர்றேன். பேரையும் ஊரையும் போட்டே எழுதுங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. எழுமலைக்காரங்க. வீட்டுக்காரரு அங்க உரக்கடை வச்சிருக்காரு. சில வருசத்துக்கு முன்னால அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனப்ப, ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து உக்காந்தே அந்தம்மாவுக்குத் தூக்கம் போயிருச்சு. யாரோ ஒரு டாக்டர் கொஞ்ச நாளைக்குன்னு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியாப் போச்சு, அந்தம்மாவுக்கு மாத்திரை நிக்கலை. தெரிஞ்ச கடையில வாங்கி வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஒத்தை மக, கௌசல்யா. மதுரையில கே.கே.நகர்ல கட்டிக் கொடுத்திருந்தாங்க. அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதும் அந்தம்மா சம்பந்தி வீட்டுக்குப் போயி ஒரு நாள் தங்குனாங்க. மாத்திரையைப் போட்டுப் படுத்தவங்க காலையில எந்திரிக்கவே இல்லை. மக வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்திருக்கா, இவங்களை உலுக்கியும் எந்திரிக்கலை. சம்பந்தியம்மா செண்பகம்தான் ஓடி வந்து புள்ளையோட தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இவங்க எந்திரிச்சு வந்தப்ப வெயில் ஏறிப்போச்சு. "பிள்ளைத்தாச்சியப் பாக்க ஆளு வேணும் மதினி, கூடப் படுத்துத் தூங்க ஆளு வேண்டாம். பிரசவம் இங்கேயே இருக்கட்டும்"னு செண்பகம் சொல்லிட்டாங்க.

தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். அதை மாமியார் வேண்டாங்கிறதுன்னா, உனக்குப் பெத்த புள்ளையப் பாக்கத் துப்பில்லைன்னு ஊரறியச் சொல்ற மாதிரி. பஞ்சவர்ணம் நேரா வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் குப்பையில போட்டாங்க. கொஞ்ச நாள்லயே கையி உதறல், உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி, வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறல். வீட்டுக்காரரு பயந்துபோயி எங்ககிட்டக் கூட்டியாந்தாரு.

டாக்டர் பழைய அளவுக்கே மாத்திரையைத் திரும்பக் கொடுத்து, நிலைக்கு வந்தப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கலாம்னாரு. வளைகாப்புக்குள்ள விடணும்னு அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. "உங்க மகளோட மாசத்தை வச்சு நான் குறைக்க முடியாதும்மா. உங்க உடம்பு எம்புட்டு வேகமாப் போகுதோ அம்புட்டுத்தான்"னாரு. அந்தம்மா மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கும் பாவமா இருந்துச்சு, ஆனா அவரு சொன்னது சரி.

முதல்ல காபியைக் கவனிச்சோம். காலையில ஒரு பெரிய டம்ளர், சாயங்காலம் ஒண்ணு, நடுவுல வீட்டுக்காரரு கடைக்குப் போட்டு அனுப்புறப்ப ஒண்ணுன்னு போயிக்கிட்டு இருந்துச்சு. ஏற்கனவே பதறிக்கிட்டு இருக்கிற உடம்பைக் காபி இன்னும் தட்டித் தட்டி எழுப்பும், சாயங்காலம் குடிச்சது படுக்குற வரைக்கும் உள்ள இருக்கும்னு டாக்டர் விளக்குனாரு. அந்தம்மா பதவிசாக் குறைச்சுக்கிட்டே வந்து விட்டுட்டாங்க. அப்புறம் மாத்திரையில கை வச்சோம். முதல் துண்டு சுமுகமாப் போச்சு. அடுத்த துண்டுல எல்லாம் கலைஞ்சு போச்சு. ஒரு நாளு நெஞ்சு படபடப்பு, தூக்கமே இல்லை. மறுநாளு தலைவலி, எந்திரிக்க முடியாத அசதி. திரும்பவும் படபடப்பு.

இப்படி மாத்தி மாத்தி வர்றதை நான் பாத்ததே இல்லை. காபி குடிக்கிறாங்களோன்னு எனக்குச் சந்தேகம். கேட்டதுக்கு, விட்டுட்டேன்னு அந்தம்மா சத்தியம் பண்ணுனாங்க. வீட்டுக்காரரு அடிச்சுச் சொன்னாரு, வீட்டுல காபித்தூளே வாங்குறதில்லை சிஸ்டர், நானே கடையில போயித்தான் குடிக்கிறேன்னு. டாக்டர் குறைக்கிறதை அப்படியே நிறுத்தி வச்சாரு. நிறுத்துனதும் அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மாசம் ஓடுதே சிஸ்டர்னு அழுதாங்க.

அன்னைக்கு டாக்டர் நேத்து நடந்ததைச் சொல்லச் சொன்னாரு. காலையில எந்திரிச்சேன், புளிக்குழம்பு வச்சேன், மக கேட்டான்னு தூக்குல ஊத்தி பஸ் ஏறுனேன். மக வீட்டுக்குப் போனேன், மதினி காபி கொடுத்தாக, குடிச்சேன். மகளுக்குத் தலை சீவி விட்டேன். மதினி திரும்ப ஒருவாட்டி கொடுத்தாக, குடிச்சேன். வர்ற வழியில கொழுந்தனாரு வீட்டுல தலையைக் காட்டுனேன், அங்கயும் கொடுத்தாக. இப்படித் தண்ணி ஓடுற மாதிரிச் சொல்லிக்கிட்டே போறாங்க. எனக்குத் தலை சுத்துச்சு. காபியை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுன அதே வாயி.

காபியை விட்டாச்சுன்னு சொன்னீங்களேம்மான்னு டாக்டர் கேட்டாரு. அந்தம்மா அவரைப் பரிதாபமாப் பாத்தாங்க. "அது எங்க வீட்டுக் காபி டாக்டர். இது அவுக கொடுக்கிறது"ன்னாங்க.

அந்தம்மா பொய் சொல்லலை. அவங்க கணக்குல காபிங்கிறது நம்ம ஆசைக்கு நாமளா போட்டுக் குடிக்கிறது. அடுத்த வீட்டுல நீட்டுறது மரியாதை. அதையும் சம்பந்தி வீட்டுல வேண்டாம்னு சொன்னா சண்டைன்னு அர்த்தம். அதுலயும் ரெண்டாவது டம்ளரை ஏன் வாங்குனீங்கன்னு கேட்டதுக்கு, கண்ணு சொருகுதுன்னு மதினி நினைச்சுரக் கூடாதுல்லன்னாங்க. ரெண்டாவது துண்டைக் குறைச்ச சமயத்துல இருந்து மூணு நாளைக்கு ஒருதடவை போறாங்களாம். போற நாளு அம்புட்டுக் காபியும் உள்ள போகும், போகாத நாளு ஒரு சொட்டு கிடையாது. உடம்பு மாத்தி மாத்திப் படுத்துனதுக்குக் காரணம் அப்பத்தான் விளங்குச்சு. தூக்கத்தை விரட்டி நல்ல பேரு வாங்கப் போயி, அந்தம்மா விடவேண்டிய மாத்திரையையே விட முடியாமப் பண்ணிக்கிட்டாங்க.

சரி, இனிமே எப்படி வேண்டாங்கிறது? வயிறு சரியில்லைன்னு சொல்லுங்கன்னேன். உடனே கஷாயம் வச்சுக் கொடுத்துருவாக, அதோட உடம்பு முடியாதவ எப்படிப் பிரசவம் பாப்பான்னு அதையும் சேத்துக்குவாகன்னாங்க. சக்கரைன்னு சொல்லலாமான்னாரு டாக்டர். சீனி போடாமக் கொடுப்பாகன்னாங்க. எனக்குச் சட்டுனு ஒண்ணு தோணுச்சு, வாய விட்டுட்டேன். புள்ளை நல்லபடியாப் பொறக்க சாமிக்கு நேந்து காபியை விட்டுருக்கேன்னு சொல்லுங்க, எந்த மாமியாரு மறிச்சுப் பேசுவான்னேன். டாக்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, திருமங்கலத்துக்காரரு ஸ்ட்ரெச்சர் அதுல தெரிஞ்சுச்சு.

அந்தம்மாவே ஒத்துக்கலை. சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்ல மாட்டேன், எம் புள்ளை விசயம்னாங்க. அப்புறம், நிசமாவே நேந்துக்கிறேன்னாங்க. டாக்டர் உடனே குறுக்க விழுந்தாரு. ஒரேயடியா நிறுத்தக் கூடாதும்மா, தலைவலியும் அசதியும் திரும்ப வரும், தினமும் கொஞ்சம் குடிச்சு அளவைக் குறைச்சுக்கிட்டே வரணும். விரதத்துல கொஞ்சம்னு ஒண்ணு உண்டான்னாரு. அந்தம்மா யோசிச்சாங்க. "விரதம் குளிச்சப்புறம்தான டாக்டர் ஆரம்பிக்கும்? நான் விடியக்காலையில, குளிக்கிறதுக்கு முந்தி ஒரு வாயி குடிச்சுக்கிறேன். அது சேராது"ன்னாங்க.

டாக்டர் சத்தமாச் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். ஆனா நிபந்தனை போட்டாரு. காபி அடங்குற வரைக்கும் மாத்திரையில கை வைக்கக் கூடாது. சாமிக்குப் பயந்து மாத்திரையைச் சேத்து விட்டுட்டீங்கன்னா நானே எழுமலைக்கு வந்து சண்டை போடுவேன்னாரு. அந்தம்மா சரின்னாங்க. ஊரு அம்மன் கோயில்ல போயி, புள்ளை பொறக்குற வரைக்கும் குளிச்சப்புறம் காபி தொட மாட்டேன்னு நிசமாவே நேந்துக்கிட்டாங்க.

அப்புறம் எல்லாம் ஒழுங்குக்கு வந்துச்சு. செண்பகம் காபியை நீட்டுனாங்களாம், இவங்க நேத்திக்கடன்னாங்களாம், சம்பந்தியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டுப் பாலை ஆத்திக் கொடுத்தாங்களாம். விடியக்காலைக் காபி அரை டம்ளராகி, ரெண்டு மடக்காகி, நின்னுபோச்சு. படபடப்பு அடங்குச்சு. திரும்ப மாத்திரையைக் குறைக்க ஆரம்பிச்சோம். நல்லாத்தான் போச்சு, ஆனா மெதுவாத்தான் போச்சு. வளைகாப்பு வந்தப்ப இன்னும் கால் துண்டு பாக்கி இருந்துச்சு.

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டாங்க. கே.கே.நகர் வீடுதான். இவங்கதான் சிஸ்டர், ஆஸ்பத்திரியில இருக்காகன்னு எல்லாருகிட்டயும் பெருமையாக் காட்டுனாங்க. எதுக்கு எனக்கு இந்த வம்புன்னு நான் சேலையை இழுத்துப் போத்திக்கிட்டு ஓரமா உக்காந்தேன். வளையல் போட்டு முடிஞ்சு, சாப்பாடும் ஆச்சு. புள்ளையைக் கூட்டிட்டுப் போறதா இல்லையான்னு யாரும் வாயத் திறக்கலை. எழுமலைக்காரங்க வேன் வாசல்ல நிக்குது. கௌசல்யாவோட பெட்டி உள்ள இருக்கா, கட்டியாச்சான்னுகூடத் தெரியலை.

செண்பகம் காபித் தட்டோட வந்தாங்க. பஞ்சவர்ணம் வழக்கம்போலக் கும்பிட்டு வேண்டாம்னாங்க. செண்பகம் தட்டைக் கீழ வைக்கலை. "தப்பா நினைக்காதீக மதினி. அந்த மாத்திரை இன்னும் இருக்கா, விட்டாச்சா?"ன்னு கேட்டுட்டாங்க. அம்புட்டுப் பேருக்கு நடுவுல. பேசிக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. விட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேன் கிளம்பிரும்.

"இருக்கு மதினி. கால் துண்டு இருக்கு. அதை விடத்தான் உங்க காபியையும் விட்டேன்"னாங்க.

செண்பகம் எம் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க சிஸ்டர், இவுகளை நம்பி அனுப்பலாமான்னு கேட்டாங்க. அனுப்புங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா நோயாளியைப் பத்தி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாதுங்கிறது எங்களுக்குச் சட்டம். அது மட்டுமில்லை, நான் சொல்லி அனுப்புனா அது என்னை நம்பி அனுப்புனதாத்தான் ஆகும். அதை நான் சொல்லக் கூடாதும்மா, நீங்க கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னாகளே, அவுகளையே கேளுங்கன்னேன்.

கௌசல்யா கையை ஊணி எந்திரிச்சா. "அத்தை, எனக்கு எங்கம்மா கூடப் போகணும்"னா.

செண்பகம் தட்டைக் கீழ வச்சாங்க. அந்தம்மாவைக் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வாந்தி எடுத்த அன்னைக்குத் தலையைப் பிடிச்சது அவங்கதான். போகக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்னு கேட்டாங்க. வாராவாரம் நான் வந்து பாப்பேன், எனக்கு ஒரு பாய் எடுத்து வைங்கன்னாங்க. பஞ்சவர்ணம் தலையை ஆட்டிக்கிட்டே உள்ள போயி மகளோட பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. வேன் தெருவைத் தாண்டுற வரைக்கும் நான் வாசல்லயே நின்னேன், அழுகையை அடக்க முடியலை.

பிரசவத்துக்கு முந்தியே அந்தக் கால் துண்டும் போயிருச்சு. அதுவும் டாக்டர் சொன்ன வேகத்துலதான், ஒரு நாளு முந்தலை. பொம்பளைப் புள்ளை. செண்பகம் எழுமலைக்கு வந்து, இவங்க அடுப்படியிலயே காபி போட்டு, நேத்திக்கடன் முடிஞ்சுச்சு மதினின்னு நீட்டுனாங்களாம். இவங்க ரெண்டு மடக்கு குடிச்சுட்டு, கசக்குதுன்னு வச்சுட்டாங்களாம். செண்பகம் ஒண்ணும் கோவிச்சுக்கலையாம்.

இதையெல்லாம் அந்தம்மா சொன்னது கடைசியா டாக்டரைப் பாக்க வந்த அன்னைக்கு. கண்ணுக்குக் கீழ கருவளையம், தலை கலைஞ்சு கிடக்கு, ஜாக்கெட்டுல பால் கக்கின கறை. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு, மாத்திரை இல்லாமத் தூக்கம் போச்சு போலன்னு. டாக்டரும் அதையேதான் நினைச்சிருக்கணும், நாற்காலியை இன்னும் கிட்டக்க இழுத்துப் போட்டுக்கிட்டு, தூக்கம் வரலையாம்மான்னு கேட்டாரு.

"தூக்கமா? அது வந்துச்சு டாக்டர், கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துச்சு. நாந்தான் தூங்கலை. மக அசந்து தூங்குனா, பேத்தி எம் மடியில கிடந்தா."